அம்மா கணக்கும் கம்ப்யூட்டர் கணக்கும்



ஆண்டு மலருக்கு எழுத வேண்டும் என்றதும் எல்லோரையும் போல நானும் கவிதைதான் எழுதப் பார்த்தேன். 'நட்பு', 'அன்னை', 'விடியல்' மூன்று தலைப்பும் ஏற்கெனவே போய்விட்டன என்று பேரவைச் செயலாளர் அண்ணன் கையை விரித்துவிட்டார். சரி, நமக்கு நடந்ததையே எழுதுவோம் என்று உட்கார்ந்தேன். இது எங்கள் துறை சம்பந்தப்பட்ட விஷயம். ஆனாலும் மெக்கானிக்கல், சிவில் நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இதில் எங்க அம்மாவும் வர்றாங்க, இருநூறு ரூபாயும் வருது!

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. கம்பத்திலிருந்து விடியற்காலையில் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாக மலைக்கு மேலே ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறார்கள். நம்ம கல்லூரியில் பாதிப் பேர் வீட்டில் இதே கதைதான். புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

அம்மா கணக்கு வைப்பது காலண்டர் தாளின் பின்பக்கத்தில். ஒரு நாள் வேலைக்கு ஒரு நீளக்கோடு. மழை வந்து பாதியில் ஜீப் திரும்பிவிட்டால் ஒரு குட்டைக்கோடு. சனிக்கிழமை கோடுகளைத் தடவிப் பார்த்து, "இவ்வளவு வரணும்" என்று சொல்வார்கள். தப்பியதே இல்லை.

இரண்டாம் ஆண்டு வந்ததும் எனக்கு ஒரு ஆசை. அம்மாவின் கூலிக் கணக்கையே சி மொழியில் புரோகிராமாக எழுதினால் என்ன? மினி புராஜெக்டுக்கும் ஆச்சு, வீட்டுக்கும் ஆச்சு. கோடுகளை அரைநாள் கணக்கில் எண்ணிக் கொடுப்பது என்று வைத்துக்கொண்டேன். முழுநாள் என்றால் இரண்டு அரைநாள். அந்த வாரம் ஆறு நாளில் ஒரு நாள் மழை. ஆக 11 அரைநாள். ஒரு நாள் கூலி 400 ரூபாய். நான் எழுதிய சூத்திரம் இதுதான்:

அரைநாள் / 2 * கூலி

ரன் கொடுத்தேன். எரர் இல்லை. எச்சரிக்கை இல்லை. அவுட்புட் 2000.

ஆனால் சனிக்கிழமை அம்மா வாங்கி வந்ததோ 2200! கொஞ்சம் சந்தேகமாகத்தான் இருந்தது. மூன்றாம் ஆண்டு அண்ணன் ஒருவர் சொல்லிக் கொடுத்தபடி லேப்பில் டீபக்கரைத் திறந்தேன். ஜி.டி.பி. என்று பெயர். (பொருளாதாரத்தில் வரும் ஜி.டி.பி. என்று நினைத்துவிடாதீர்கள்! இது குனு டீபக்கர். 1986-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதத் தொடங்கியது.) ஓடுகிற புரோகிராமை நடுவழியில் நிறுத்தி, உள்ளே எந்த மாறியில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஒரு கணக்கையே கொடுத்து "இதன் மதிப்பு என்ன?" என்றும் கேட்கலாம். நான் கேட்டேன்: 'பிரிண்ட் அரைநாள் / 2 * கூலி'. பதில் 2000.

அவ்வளவுதான்! புரோகிராமும் சொல்லிவிட்டது, டீபக்கரும் சொல்லிவிட்டது. இரண்டு சாட்சி. வீட்டுக்குப் போய் அம்மாவிடம், "நீ எண்ணினது தப்பும்மா, இருநூறு ரூபா கூட வாங்கிட்டு வந்திருக்க" என்று சொன்னேன்.

அம்மா என்னோடு வாதாடவில்லை. காலண்டர் தாளை எடுத்து இரண்டு தடவை தடவிப் பார்த்தார்கள். "படிச்ச பிள்ளை சொல்ற, சரியாத்தான் இருக்கும். அடுத்தவங்க காசு நமக்கு எதுக்குடா" என்றார்கள். மறுநாள் காலையில் இருநூறு ரூபாயை முந்தானையில் முடிந்துகொண்டு ஜீப் ஏறினார்கள்.

அங்கே கங்காணி நோட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தாராம். "உன் மகன் படிக்கிற படிப்புல அரை நாளே கிடையாதா?" என்று கேட்டாராம். கூட வேலை பார்ப்பவர்கள் எல்லோரும் சிரித்தார்களாம். சாயந்தரம் அம்மா இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை. பணம் போகவில்லை, திரும்பி வந்துவிட்டது. ஆனால் இருபது வருஷமாகத் தப்பாத தன் கணக்கின் மேல் அம்மாவுக்கு ஒரு நாள் சந்தேகம் வரவைத்தேனே, அது யார் செய்த தப்பு?

தப்பு எங்கே?

விஷயம் தெரிந்தவர்கள் இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். சி மொழியில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் விடையும் முழு எண்தான். 11-ஐ 2-ஆல் வகுத்தால் 5. மீதி அரை காணாமல் போகும். அந்த 5-ஐ 400-ஆல் பெருக்கினால் 2000. அதே மூன்று எண்களை 'அரைநாள் * கூலி / 2' என்று இடம் மாற்றிப் போட்டால் 4400-ல் பாதி, 2200! பள்ளிக்கூடத்துக் கணக்கில் இரண்டும் ஒன்று. சி மொழியில் வேறு வேறு. இதற்குத்தான் டைப் விதி என்று பெயர். எந்த வகை எண்ணும் எந்த வகை எண்ணும் சேர்ந்தால் விடை என்ன வகை என்று ஒவ்வொரு மொழியும் தனக்கென ஒரு சட்டம் வைத்திருக்கிறது.

மறுநாள் லேப்பில் இதைச் சொன்னதும் என் பக்கத்து மிஷின் நண்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. "புரோகிராம்தான் தப்பா சொல்லுச்சு, சரி. தப்பைக் கண்டுபிடிக்கத்தானே டீபக்கர்? அதுவும் சேர்ந்து பொய் சொன்னா எதுக்குடா அது? கால்குலேட்டர் மாதிரி 2200-ன்னு காட்டியிருக்க வேண்டாமா?" என்றான். லேப்பில் முக்கால்வாசிப் பேர் அவன் கட்சி.

நான் அவன் கட்சி இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பனியுண்டோ?

எங்க அம்மா முதன்முதலில் மலைக்கு வேலைக்குப் போனபோது நடந்த ஒரு கதை. மார்கழி மாதம். குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றவரிடம் தோட்டத்தில் ஒருவர், "பனியுண்டோ?" என்று கேட்டாராம். அம்மா, "உண்டு உண்டு, நெறைய உண்டு" என்றார்களாம். உடனே அவர் ஓடிப்போய் ஒரு காய்ச்சல் மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து நீட்டினாராம்! மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். நமக்குப் பனி என்றால் புல்லில் இறங்குவது. அங்கே வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர். இங்கே வெள்ளம் என்றால் ஊரை அடித்துக்கொண்டு போவது. சொல் ஒன்றுதான். மேட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு பொருள், அந்தப் பக்கம் ஒரு பொருள். எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று தெரியாமல் பதில் சொன்னால் மாத்திரைதான் கிடைக்கும்!

டீபக்கரின் நிலைமையும் இதுதான். ஜி.டி.பி. சி-க்கு மட்டும் உள்ளது அல்ல. சி++, பாஸ்கல், ஃபோர்ட்ரான், அடா, மாடுலா-2, கோ, ரஸ்ட் என்று பல மொழிகளுக்கும் அது ஒன்றே. நாம் 11 / 2 என்று தட்டினால் அது எந்த மொழி வகுத்தல் என்று அதற்குத் தெரிந்தாக வேண்டும். எப்படித் தெரியும்? 'ஜி' என்ற குறியோடு கம்பைல் செய்யும்போது, இந்தப் பகுதி இன்ன மொழியில் எழுதியது என்ற குறிப்பையும் கம்பைலர் உள்ளே வைத்துவிடுகிறது. புரோகிராம் எந்த இடத்தில் நிற்கிறதோ அந்த இடத்து மொழியை டீபக்கர் எடுத்துக்கொள்கிறது. சி-யில் எழுதிய பகுதியிலிருந்து ஃபோர்ட்ரான் பகுதிக்குள் போனால் அதுவும் கூடவே மாறும். ஜீப் மேட்டைத் தாண்டியதும் நம்ம ஆட்கள் பேச்சை மாற்றிக்கொள்வது போல!

நாமே மாற்றியும் பார்க்கலாம். நான் பார்த்தேன். 'செட் லாங்குவேஜ் பாஸ்கல்' என்று கொடுத்தேன். நிற்கிற இடத்து மொழியும் நீ சொன்ன மொழியும் பொருந்தவில்லை என்று ஒரு எச்சரிக்கை விட்டது. பரவாயில்லை என்று அதே கணக்கைக் கேட்டேன். வந்தது 2200! பாஸ்கலில் சாய்கோட்டு வகுத்தல் எப்போதும் பின்னத்தோடுதான் விடை தரும். முழு எண் மட்டும் வேண்டுமென்றால் அதற்கு 'டிவ்' என்று தனிச் சொல் உண்டு. நம் பாடத்தில் வரும் பைதானிலும் 11 / 2 என்றால் 5.5. அதுகூட 2008-ல் வந்த பைதான் 3-லிருந்துதான். பைதான் 2-ல் சி மாதிரியே 5.

என் நண்பன், "பார்த்தியா! பாஸ்கல் புத்திசாலி. எப்பவும் இப்படியே வச்சுக்கோ" என்றான். இங்கேதான் நண்பர்களே ஆபத்து! என் புரோகிராம் பாஸ்கலில் இல்லையே? அது சி-யில் ஓடுகிறது. வீட்டில் 2000 என்றுதான் காட்டப் போகிறது. டீபக்கர் 2200 என்று நல்ல பதில் சொன்னால் நான் என்ன நினைப்பேன்? சூத்திரம் சரி, தப்பு வேறெங்கோ என்று நினைப்பேன். பிரிண்ட் எஃப்-ல் தேடுவேன், ஸ்கேன் எஃப்-ல் தேடுவேன். தப்பு நடந்த வரி மட்டும் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருக்கும். சாட்சி சொல்ல வந்தவர், நடந்ததைச் சொல்லாமல் நடந்திருக்க வேண்டியதைச் சொன்னால் எந்த வழக்கு விளங்கும்?

ஆகவே டீபக்கர் அன்று எனக்குப் பொய் சொல்லவில்லை. "உன் மொழியின் சட்டப்படி உன் வரிக்கு விலை இவ்வளவுதான்" என்று உண்மையைச் சொன்னது. அதை "உலகத்தில் அம்மாவுக்குச் சேர வேண்டியது இவ்வளவுதான்" என்று புரிந்துகொண்டவன் நான். இரண்டு சாட்சி என்று நான் நினைத்தேனே, அதுவும் தப்பு. இரண்டும் ஒரே சட்டத்தைப் படித்த ஒரே சாட்சி. அன்று என் முன்னால் உட்கார்ந்திருந்த வேறு சாட்சி காலண்டர் தாள் மட்டும்தான். அதைத்தான் நான் தள்ளிவிட்டேன்.

இன்னும் இரண்டு பள்ளங்கள்

வகுத்தலோடு விஷயம் முடிந்துவிடவில்லை. முன்பணத்தையும் கணக்கில் சேர்க்கலாம் என்று பார்த்தேன். பணம் எங்கே மைனஸில் போகப் போகிறது என்று எல்லாவற்றையும் அன்சைன்டு இன்ட் என்று போட்டுவிட்டேன். கூலி 1500, வாங்கிய முன்பணம் 2000. மீதி? நம்ம ஊரில் யாரைக் கேட்டாலும் ஐந்நூறு கடன் என்பார்கள். புரோகிராம் சொன்னது 4294966796. அதாவது 429 கோடியே 49 லட்சத்து 66 ஆயிரத்து 796 ரூபாய் வரவு! அன்சைன்டு வகைக்கு மைனஸே கிடையாது. பூஜ்யத்துக்குக் கீழே போனால் சுற்றிக்கொண்டு மேலே போய் உட்காரும். டீபக்கரிடம் 'மீதி பூஜ்யத்தைவிடக் குறைவா?' என்று கேட்டாலும் 'இல்லை' என்றுதான் சொல்லும். அதுவும் சி-யின் சட்டமே. கடன்காரன் கோடீஸ்வரன் ஆன கதை! சிரிக்கலாம். ஆனால் இதே வரி ஒரு கூட்டுறவுச் சங்கத்துக் கணக்கில் இருந்தால் சிரிக்க முடியுமா?

இன்னொன்று, நிறையப் பேர் விழுகிற பள்ளம். கூலி 500-க்குச் சமமா என்று பார்க்க ஒரு நண்பன் 'பிரிண்ட் கூலி = 500' என்று தட்டினான். பாஸ்கலிலும் அடாவிலும் ஒற்றைச் சமக்குறி கேள்விதான். ஆம், இல்லை என்று பதில் வரும். சி-யில் அது கேள்வி அல்ல, கட்டளை! ஓடிக்கொண்டிருந்த புரோகிராமுக்குள் போய்க் கூலியை 500 ஆக்கிவிட்டு, 500 என்று காட்டியது. "ஆமா, சமம்தான்" என்று அவன் சந்தோஷமாக மேலே போய்விட்டான். பார்க்க வந்தவனே நோட்டில் எழுதிவிட்டுப் போன கதை. சி-யில் கேட்க வேண்டுமானால் இரட்டைச் சமக்குறி.

நியாயமாக ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். டீபக்கர் கம்பைலர் அல்ல. ஜி.டி.பி.-க்குள் ஒவ்வொரு மொழிக்கும் ஒரு சின்ன மதிப்பீட்டாளரைத் தனியாக எழுதி வைத்திருக்கிறார்கள். மொழியின் சட்டம் முழுவதும் அதற்குள் அடங்கிவிடாது. சி++ மாதிரிப் பெரிய மொழியில் சில இடங்களில் அது திணறும். எல்.எல்.டி.பி. என்ற இன்னொரு டீபக்கர், சி, சி++ கணக்குகளுக்குக் கிளாங் என்ற கம்பைலரையே உள்ளே வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறது. அந்த வழி கனமானது, ஆனால் சட்டம் பிசகாது. இரண்டு வழிக்காரர்களும் படாத பாடு படுவது ஒன்றே ஒன்றுக்குத்தான். புரோகிராம் தன் மொழியில் என்ன சொல்லுமோ அதையே சொல்ல வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அதைப் போய் 'கால்குலேட்டர் மாதிரி இல்லையே' என்று குறை சொல்வது சரியா?

நாம் என்ன செய்யலாம்?

டீபக்கர் மாற வேண்டியதில்லை. கேட்கிற நாம்தான் மாற வேண்டும். எனக்கு இப்போது ஒரு பழக்கம். மதிப்பைக் கேட்கும் முன் வகையைக் கேட்கிறேன். ஜி.டி.பி.-யில் 'வாட்இஸ்' என்று ஒரு கட்டளை. 'வாட்இஸ் அரைநாள் / 2' என்றால், விடை முழு எண் வகை என்று சொல்லிவிடும். 'வாட்இஸ் அரைநாள் / 2.0' என்றால் டபுள் என்று சொல்லும். ஒரு புள்ளியும் ஒரு சைபரும்தான் வித்தியாசம். அன்று அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் அம்மா இருநூறு ரூபாயை முடிந்துகொண்டு போயிருக்க மாட்டார்கள். அதோடு இன்னொரு பழக்கம். மொழியை மாற்றி விளையாடி முடித்ததும் 'செட் லாங்குவேஜ் ஆட்டோ' கொடுத்துப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறேன். மறந்தால் அடுத்த பதிலெல்லாம் பக்கத்து மாநிலத்துப் பதிலாக இருக்கும்!

நம் லேப்பைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அவுட்புட் வந்தால் மார்க். ரெக்கார்டு நோட்டில் அதே அவுட்புட்டை எழுதினால் கையெழுத்து. 'இந்த அவுட்புட் சரியா?' என்று நாமும் கேட்பதில்லை, நம்மையும் யாரும் கேட்பதில்லை. சிம்போசியம் வைக்கிறோம். அதில் 'டீபக்கிங் போட்டி' என்று ஒன்று. ஒரு தாளைக் கொடுத்து அரைப்புள்ளி எங்கே விட்டுப்போச்சு, அடைப்புக்குறி எங்கே விட்டுப்போச்சு என்று கண்டுபிடிக்கச் சொல்கிறோம். நண்பர்களே, அதையெல்லாம் கம்பைலரே ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடும்! கம்பைலர் வாயைத் திறக்காத தப்புதான் உண்மையான தப்பு. 11 / 2-க்கு அது ஒரு எச்சரிக்கைகூட விடவில்லையே!

ஆகவே மாணவர் பேரவைக்கு என் பணிவான வேண்டுகோள். அடுத்த வருஷம் அந்தப் போட்டியைத் தாளில் வைக்காதீர்கள், மிஷினில் வையுங்கள். எரர் இல்லாமல் ஓடும், ஆனால் தப்பாகச் சொல்லும் புரோகிராம்களைக் கொடுங்கள். கூலிக் கணக்கு, ஏலக்காய் எடைக் கணக்கு, திராட்சைப் பெட்டிக் கணக்கு என்று நம்ம ஊர்க் கணக்குகளாக இருக்கட்டும். கூடவே கையால் போட்ட சரியான விடையையும் கொடுங்கள். இரண்டும் ஏன் பொருந்தவில்லை என்று டீபக்கரை வைத்துச் சொல்பவருக்குப் பரிசு. முதல் பரிசு ஒரு டம்ளர் செட்டாக இருந்தாலும் சரி, நான் கண்டிப்பாகக் கலந்துகொள்வேன்!

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன்? நாம் டிப்ளமோ முடித்து எங்கேயோ ஒரு கம்பெனியில் உட்கார்ந்து எழுதப் போகும் வரிகள், யாரோ ஒரு அம்மாவின் கூலியை, வட்டியை, ரேஷனை எண்ணப் போகின்றன. அந்த அம்மா மிஷின் சொன்னதை எதிர்த்துப் பேச மாட்டார். "படிச்ச பிள்ளைங்க எழுதினது, சரியாத்தான் இருக்கும்" என்று முந்தானையில் முடிந்துகொண்டு திருப்பிக் கொடுத்துவிடுவார். எல்லாத் தோட்டத்திலும் நோட்டைப் புரட்டிப் பார்த்துச் சிரிக்கிற கங்காணி இருக்க மாட்டார்.

என் புரோகிராமைத் திருத்திவிட்டேன். இப்போது 2200 காட்டுகிறது. ஆனாலும் ஒவ்வொரு சனிக்கிழமையும் முதலில் அம்மாவைத்தான் கேட்கிறேன். காலண்டர் தாளைத் தடவிவிட்டு ஒரு எண் சொல்வார்கள். அதன் பிறகுதான் ரன் கொடுக்கிறேன். இரண்டும் ஒன்றாக வந்தால், "என்னடா, உன் கம்ப்யூட்டர் தேறிடுச்சா?" என்று கேட்கிறார்கள்.

தேறிடுச்சும்மா. நான்தான் இன்னும் படிச்சிக்கிட்டு இருக்கேன்.



– இரண்டாம் ஆண்டு மாணவன், கணினிப் பொறியியல் துறை